மற்ற ஆக்கள்

“ஹலோ… ராஜி மச்சாள்! சிவகௌரி கதைக்கிறன்… ஓம், ஓம், இண்டைக்கு ஷிப்ட் இல்லை… ஈஸ்ட் ஹாமில, நகைக்கடை வாசலில நிக்கிறன்… சீ, வாங்க இல்லை, விக்க! பழைய காப்புக்கு எவன் நல்ல விலை தருவான் எண்டு உங்களுக்குத்தானே தெரியும்…”

காப்பு விற்க வந்தவள் எவளாவது இப்படி வாயெல்லாம் பல்லாக நிற்பாளா? ராஜி, லண்டனிலேயே இருக்கும் அவளுடைய அண்ணன் மனைவி. அவளிடம்கூட மூச்சு விடக்கூடாது என்று கணவன் நிருஜன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். வீட்டுத் திறப்பு கைக்கு வருமுன் வெளியே சொன்னால் நாவூறு பட்டுவிடுமாம். ஆனால் சந்தோஷத்தை எத்தனை நேரம்தான் வாய்க்குள் பூட்டி வைப்பது?

“ஐயோ, கஷ்டம் ஒண்டும் இல்லை… சரி, சொல்லுறன். அண்ணைக்குக்கூடச் சொல்லாதேங்கோ. வீடு வாங்கிறம்! … ஓம்! குட்மேய்ஸில, ஸ்டேஷனுக்குக் கிட்ட, பச்சைக் கதவு… அஞ்சு மணிக்குள்ள கடைசி விலை சொல்லோணும்… போட்டியோ? கேக்காதேங்கோ! ஆரோ மற்ற ஆக்களாம். நாங்கள் அஞ்சாயிரம் கூட்ட அவையும் அஞ்சாயிரம் கூட்ட… ஏழு தரம்! விசர்ச் சனம்… மச்சாள்? நிக்கிறியளோ? … ஏஜென்ட்டோ? டினேஷ் எண்டு ஒரு பெடியன். ஏன்? … என்ன? … நீங்களோ! அந்த விசர்ச் சனம் நீங்களோ!”

சிவகௌரி கடைப் படியிலேயே குந்திவிட்டாள். சிரிப்பு அடங்கவே இல்லை. போன வெள்ளி ஆர்ச்வே கோயிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே வீட்டைக் கேட்டிருக்கிறார்கள். முருகன் பாவம், என்னதான் செய்வார்!

“ஓமோம், நானும் நாவூறுக்குப் பயந்துதான்… எங்கட தலையில நாங்களே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறம்! … என்னது? செவ்வாய்க்கிழமையே விட்டிட்டியளோ? … அப்ப, அவை இன்னும் பத்தாயிரம் கூட்டிட்டினம் எண்டு நேற்று எனக்குச் சொன்னானே! … கள்ளப் பயல்! ஆளே இல்லாத போட்டிக்கு நான் காப்பைக் கழட்டிக்கொண்டு வந்து நிக்கிறன், பாருங்கோ!”

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. காப்பும் தப்பியது, வீடும் கிடைக்கப்போகிறது.

“இனி ஒரு சதம் கூட்டமாட்டன். செவ்வாய்க்கிழமை சொன்ன விலைதான்… ஓம், பேங்க் அவ்வளவுதான் தரும். அதுக்கு மேல எங்களுக்கு ஏலாது… நீங்கள் ஏன் மச்சாள் விட்டனீங்கள்? … பெரிய காசுக்காரர், முடிவில்லாமல் ஏத்துவினம் எண்டு நினைச்சோ? ஐயோ, நாங்கள்தான் அந்தக் காசுக்காரர்!”

மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுபோனதை அவள் கவனிக்கவில்லை.

“ஓம், அஞ்சு மணிக்குத்தான்… ஓம், அதே விலைதான்… காப்பு விக்கமாட்டன் எண்டு சொன்னனே… ஏன் திருப்பித் திருப்பிக் கேக்கிறியள்? … மச்சாள்? … ராஜி மச்சாள்? … ஹலோ?”

லைன் வெட்டுப்பட்டுவிட்டது.

சிவகௌரி படியை விட்டு எழும்பி, அவசர அவசரமாக டினேஷின் நம்பரை அழுத்தினாள். அவன் வேறொருவருடன் கதைத்துக்கொண்டிருந்தான்.