அல்சிட் கிட்ரிக்கு வந்த நன்றி அட்டை

வரிசையில் நிற்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்காது. வாஷிங்டனில் அதற்கு அவசியமும் இல்லை. செனட் குழு கூடும் நாளில், பார்வையாளர் வரிசையில் விடிவதற்கு முன்பிருந்தே நமக்காக நிற்க மணிக்கூலிக்கு ஆள் கிடைக்கும். பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது நாம் சாவகாசமாகப் போய் அந்த இடத்தில் நின்றுகொள்ளலாம். இது சட்டப்படி தவறில்லை. நான் செய்தவற்றில் முக்கால்வாசி சட்டப்படி தவறில்லை என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என்னிடம் கேட்பது ஒரே ஒரு கடிதத்தைப் பற்றி. செத்துப்போன ஒருவர் பெயரில் அரசுக்குப் போன கடிதம். அனுப்பியது என் அலுவலகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதற்குப் போய் மூன்று அதிகாரிகளா என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. எதை விசாரிக்க வேண்டும் என்றே தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நானே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் வாரன் ஹால்ஸ்டெட். இருபத்தாறு வருடமாக ஜெனரேட்டர் தயாரிப்பாளர்கள் சங்கத்துக்காக, காங்கிரஸ் என்னும் நம் நாடாளுமன்றத்தில் ஆள் பிடித்துப் பேசுகிறேன். புயலில் கரண்ட் போனால் ஜனங்கள் ஜெனரேட்டர் போடுவார்கள். மழையில் நனையக் கூடாதென்று அதைக் கார் ஷெட்டுக்குள் வைப்பார்கள். அதன் புகையோடு நிறமும் மணமும் இல்லாத விஷவாயு ஒன்று வரும். தூங்குகிறவர்கள் எழுந்திருப்பதில்லை. வாயு சேர்ந்ததும் எந்திரம் தானாக நின்றுவிட ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதைக் கட்டாயமாக்க அரசு ஒரு விதி கொண்டுவந்தது. அந்த விதியை நிறுத்துவது என் வேலை.

நான் எதையும் எதிர்ப்பவன் இல்லை. எதிர்ப்பவனை இந்த ஊரில் யாருக்கும் பிடிக்காது. "நல்ல விதி, இன்னும் கொஞ்சம் ஆராய்ந்துவிட்டுக் கொண்டுவரலாமே" என்பேன். ஆராய்ச்சி வேண்டாம் என்று எந்த மகராசன் சொல்வான்? பட்ஜெட் மசோதாவில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்: ஆராய்ச்சி முடியும்வரை இந்த விதிக்காக அரசு எதுவும் செலவழிக்கக் கூடாது. அந்தப் பத்தியை நான் எழுதினேன். குழுத் தலைவரின் உதவியாளன் கார்ட்னர் போனில், "சார், இதை நான் படிச்சுப் பாக்கணுமா, இல்ல அப்படியே ஒட்டிடவா?" என்று கேட்டான். "உன் இஷ்டம்ப்பா" என்றேன். அவன் படிக்கவில்லை.

பொதுஜனமும் விதியை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் அல்லவா? ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் வாரண்டி அட்டையில் பெயரும் முகவரியும் எழுதி அனுப்புகிறார்கள். அந்தப் பட்டியலை எடுத்து, 'கருவியை மாட்டி விலையை ஏற்றாதீர்கள்' என்று பதினோராயிரம் பேர் பெயரில் நாங்களே அரசுக்குக் கடிதம் எழுதினோம். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தப்பு நடந்தது அதற்கு அப்புறம். கடிதம் எழுதுகிறவர்களுக்கு நன்றி அட்டை அனுப்புவது எங்கள் தொழிலில் ஒரு மரியாதை. கம்ப்யூட்டரே அனுப்பிவிடும். இந்த முறை அதை நிறுத்திவைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. லூயிசியானாவில் ஹௌமா என்ற ஊரில் அல்சிட் கிட்ரி என்பவரின் வீட்டுக்கும் ஒன்று போயிற்று. 'உங்கள் குரலுக்கு நன்றி, அல்சிட்.' கூடவே அவர் எழுதியதாக நாங்கள் சொன்ன கடிதத்தின் நகல்.

குழு கூடிய அன்று அவர் மனைவி ஒடெட் வந்திருந்தாள். ஒன்றரை நாள் பஸ் பயணம். உள்ளே நாற்பது நாற்காலி, அவள் வரிசையில் நாற்பத்தொன்றாவது. அவளுக்கு முன்னால் நின்றவர்களில் முப்பத்தாறு பேர் நான் வைத்த ஆட்கள்.

அவள் உள்ளே வந்துவிடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். குழுவில் ஓட்டு இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. அவள் மாநிலத்து செனட்டர் ப்ரூவிட் அம்மாள் மட்டும் முடிவு செய்யாமல் இருந்தார். 'என் கண்ணுக்கு எதிரே வந்து உட்கார், மூன்று நிமிடம் பேச வைக்கிறேன்' என்று ஒடெட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கார்ட்னர் சொல்லித்தான் தெரியும். உள்ளிருந்து யாராவது ஒருவர் எழுந்து வந்தால் காவலர் அடுத்த ஆளை விடுவார். அடுத்த ஆள் அவள்.

"யாரும்மா நீங்க? ரொம்ப நேரமா நிக்கிறீங்களே" என்று கேட்டேன்.

அவள் அந்த அட்டையை நீட்டினாள். "என் புருஷனுக்கு வந்திருக்கு சார். ஆகஸ்ட் முப்பதாந்தேதி செத்தாரு. ரெண்டு பொண்ணுங்களும் அவரோடயே போயிருச்சுங்க. நான் ஆஸ்பத்திரி டூட்டில இருந்ததால பொழச்சுக் கெடக்கேன். இவரு செப்டம்பர் இருபதாந்தேதி வாஷிங்டனுக்கு லெட்டர் போட்டிருக்காரு. கல்லறைல தபாலாபீஸ் தொறந்ததை எங்கிட்ட யாருமே சொல்லல."

கூலிக்காகக் காத்திருந்த ஆள் ஒருவன் சிரித்துவிட்டான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"சிரிங்கய்யா, நல்லா சிரிங்க. உயிரோட இருந்தப்ப ஒரு பாரத்துல கையெழுத்துப் போடச் சொன்னா நாலு நாள் இழுத்தடிப்பாரு. செத்தப்புறம் மனுஷனுக்கு வந்த சுறுசுறுப்பைப் பாருங்க." பிறகு என்னிடம், "இதை எழுதினவன் மூஞ்சிய ஒரே ஒரு தடவ பாக்கணும் சார். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அப்போது அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ப்ரூவிட் அம்மா முதல்ல உங்க கதைய எழுதி வாங்கச் சொன்னாங்க. வாங்க" என்றேன். கீழ்த்தளத்தில் கார்ட்னர் ஓர் அறை திறந்துவைத்திருந்தான். என் அலுவலகத்தில் வேலை செய்யும் மெரடித், செனட்டரின் ஆள் என்ற பெயரில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தாள், டிஷ்யூ கொடுத்தாள். "அவருக்கு அந்த மிஷின் சத்தமே ஆகாது மேடம். வேர்வைல புள்ளைங்க தூங்க மாட்டாங்களேன்னுதான் போட்டாரு" என்று ஒடெட் சொன்னதை மெரடித் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். மேலே ப்ரூவிட் அம்மாள் கதவை இரண்டு முறை பார்த்தார். பிறகு என் பத்திக்கு ஓட்டுப் போட்டார். ஒரு ஓட்டில் ஜெயித்தது.

அடுத்த மாதம் எங்கள் டிவி விளம்பரம் வந்தது. 'வியர்வையில் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். ஓர் அப்பாவின் கையைக் கட்டாதீர்கள்.' நாங்களாக உட்கார்ந்து யோசித்திருந்தால் அப்படி ஒரு வரி கிடைத்திருக்காது.

ஆராய்ச்சி நான்கு வருடம் நடந்தது. இன்னும் ஆராய வேண்டும் என்று முடிவு சொன்னார்கள். அந்த நான்கு வருடத்தில் கார் ஷெட்டுகளில் செத்தவர்களின் எண்ணிக்கை உங்கள் கோப்பிலேயே இருக்கிறது, பன்னிரண்டாம் பக்கம். காலையிலிருந்து அந்தப் பக்கத்தை நீங்கள் ஒருவரும் புரட்டவில்லை. அதில் ஒரு கேள்விகூடக் கேட்க உங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. அந்தச் சட்டங்களிலும் சில பத்திகள் என்னைப் போன்றவர்கள் எழுதியவைதான். வெட்கமாக இல்லையா உங்களுக்கு? ஒரு கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்தை எழுத வைத்தவன் நான். கதவை அடைத்து ஆள் நிறுத்தியவன் நான். விதி வந்திருந்தால் அந்தப் பன்னிரண்டாம் பக்கத்தில் பாதிப் பேர் இன்று உயிரோடு இருப்பார்கள், அது தெரிந்தே செய்தேன். ஒடெட்டை ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிளம்பும்போது அவள் மெரடித்தைக் கட்டிக்கொண்டு, "இத்தன நாள்ல நீங்க ஒருத்தர்தாம்மா முழுசாக் கேட்டீங்க" என்று அழுதாள். மேலே போயிருந்தால் அவளுக்குக் கிடைத்திருப்பது மூன்று நிமிடம். நாங்கள் ஒன்றரை மணி நேரம் கொடுத்தோம்.