சிரா கையை எடுத்துட்டா

இல்ல மேடம், அந்தப் பொண்ணு வேணாம். சிராவைப் படம் பிடிக்காதீங்க. வேற யாரை வேணா பிடிங்க. அதோ அந்த வாலு அமாத் இருக்கானே, தவளை மாதிரி தாவுன்னா கூரையைத் தொட்டுட்டு வருவான். தெரியுது மேடம், அவ நிதானமாச் சாப்பிடறது உங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. ஒரு கவளம் போடறா, கையை எடுத்து வயித்து மேல வைக்கறா, போதுமா வயிறேன்னு கேக்கறா, அப்புறம்தான் அடுத்த கவளம். தலைநகர் டக்கார்ல உங்க ஆபீஸ்ல எங்க டீச்சருங்களுக்குச் சொல்லிக் குடுத்தது அச்சு அசலா அதேதான். வினையே அதுதாங்க.

உங்க வீட்ல எப்படி, தாம்பாளத்தைச் சுத்தி உக்காருவீங்களா? ஓ, ஆளுக்கொரு தட்டா. சரிதான். இங்க எங்க கவோலாக் ஊர்ல வீட்டுப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் ஒரே தாம்பாளம். அவங்கவங்க முன்னால கிடக்கற சோறு அவங்கவங்க பங்கு. ஆனா கையை வெளிய எடுத்துட்டா எனக்குப் போதும்னு அர்த்தம். மிச்சத்தைப் பக்கத்துல இருக்கறவன் இழுத்துக்கலாம், அதுல தப்பே கிடையாது. சிரா வீட்ல அவளைச் சுத்தி நாலு பெரிய பசங்க. இவ வயித்தைக் கேட்டு முடிக்கறதுக்குள்ள அவனுங்க வழிச்சுத் துடைச்சுடறானுங்க.

அமைதியான குழந்தையா? அட போங்க மேடம், பசி! மழைக்கு முன்னாடி வரைக்கும் நாரை ஆட்டம்னா ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டே மத்ததுகளை இடிச்சுத் தள்ளுவா. இப்ப ரெண்டு குதி குதிச்சுட்டு செவுத்துல சாஞ்சு உக்காந்துடறா. இடுப்புத் துணி நிக்க மாட்டேங்குது. இங்க பள்ளிக்கூடத்துல குடுக்கற கடலைக் கஞ்சியா? அந்த ஒரு கரண்டி எந்த மூலைக்கு?

அவ அம்மா என்ன பண்றாளா? நல்லாக் கேட்டீங்க. அப்பாவுக்கு ரெண்டு பொண்டாட்டி. சிராவோட அம்மா வேலைக்குப் போறவ. மத்தியானச் சோறு போடறது இன்னொருத்தி, மரேம். அந்த நாலு பசங்களும் அவ பசங்க. சிரா அம்மா சமைக்கற முறை வந்தாலும் தாம்பாளம் ஒண்ணுதான். அதுல இவ தன் பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு வச்சா என்ன அர்த்தம்? மரேம் என் பொண்ணைப் பட்டினி போடறான்னு தெருவுக்கே கேக்கக் கத்தின மாதிரி. புருஷன் சும்மா விடுவானா? என் வீட்டை ரெண்டாக்கறியாடின்னு ஏறிடுவான்.

மரேம் கெட்டவளா இருந்தாலாவது மயிரைப் பிடிச்சு ஒரு கை பார்க்கலாம். அவ தங்கம் மேடம், அதுதான் வயித்தெரிச்சல். அம்மாமாருக்கு நாம நடத்தற வகுப்புல முதல் வரிசையில வந்து உக்காருவா. போன தடவை எழுந்து நின்னு சொல்றா, எங்க சிராவைப் பாருங்கடி, போதும்னா தானா கையை எடுத்துடறா, அடிச்சுக்கறதே இல்ல, எல்லாம் டீச்சர் புண்ணியம்னு. அத்தனை பேரும் கை தட்டறாங்க. நானும் தட்டினேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். நாளைக்கு அம்மாமார் வகுப்புல நீங்க பேசுங்க. சிரா பேரை எடுக்கவே வேணாம். சின்னதுங்களுக்கு எல்லார் வீட்லயும் தனித் தட்டு வைக்கணும், இது டக்கார் உத்தரவுன்னு பொதுவாச் சொல்லுங்க. நீங்க சொன்னா மரேமே ஓடிப் போய்த் தட்டு வாங்கிட்டு வந்துடுவா.

நானா? டீச்சர்தான், யாரு இல்லேன்னா? ஆனா என் வாயில இருந்து வந்தா அது பாடம் ஆகாது மேடம், சண்டை ஆயிடும். சிரா என் பொண்ணு.

ஆமா, நான் பெத்தவதான். வகுப்புல அம்மான்னு கூப்பிடாதே, இங்க நான் டீச்சர்னு பழக்கி வச்சிருக்கேன். நேத்து வீட்ல தனியாக் கூப்பிட்டு மடியில உக்கார வச்சுக்கிட்டு சொன்னேன், கண்ணு, இனிமே வயித்தை ஒண்ணும் கேக்க வேணாம்டி, கையை எடுக்காம மடமடன்னு அள்ளிச் சாப்பிடுன்னு. மாட்டேன்னுட்டா.

வேணாம்மா, டீச்சர் திட்டுவாங்கன்றா.