சுடாத கைக்கு ஒரு பாராட்டு

ஆவிக்கும் அனலுக்கும் நடுவே நின்று நின்றே தேய்ந்த நம் கால்களை இன்று நாற்காலியில் உட்கார வைத்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! சலவைக்கூடத்தின் மூத்தோரே! முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! அவர்களில் ஒருவராய் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் அண்ணி அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இது என் அண்ணனுக்கு எடுக்கும் விழா. முப்பது ஆண்டுகள் இஸ்திரி போட்டவர். 'சுடாத கை' என்று நீங்கள் பட்டம் கொடுத்தவர். இதோ, என் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். எனக்கு மேடை என்றால் உதறல், அதனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டே பேசுகிறேன்.

அந்தக் கையைப் புகழத்தான் என்னை அழைத்தீர்கள். புகழ வந்தவன் குழம்பி நிற்கிறேன்! எதனால் குழப்பம்? எவரால் குழப்பம்? சொல்கிறேன்.

இஸ்திரிப் பெட்டி காய்ந்ததா என்று நாம் எப்படிப் பார்ப்போம்? நாக்கில் நனைத்த விரலால் அடியில் ஒரு தட்டு. 'சுர்' என்னும் முன்னே விரல் விலகிவிடும். அண்ணன் மட்டும் விரலை எடுக்காமல் சிரிப்பார். நாமும் கைதட்டுவோம்.

சரி, நம் விரலை விலக்குவது யார்? நானா? நான் 'ஐயோ' என்பதற்குள் விரல் வந்துவிடுகிறதே! அப்படியானால் எடுத்தவன் எவன்? ஒரு நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வேலை கெட்டது, விரல் கொப்புளித்தது, விடை மட்டும் கிடைக்கவில்லை. மருந்து போட்ட நர்ஸம்மாவையே கேட்டேன்.

"சூடு பட்டதும் நரம்புல சின்ன மின்சாரத் துடிப்பு கிளம்பும்ங்க. முதுகுத்தண்டுக்குப் போகும். அங்கேயே 'கையை எடு'ன்னு உத்தரவு வந்துடும். மூளைக்குச் சேதி அப்புறம்தான் போகும். அப்பத்தான் வலி தெரியும்."

"மூளையைக் கேக்காமலேயா?"

"கேட்டுக்கிட்டு நின்னா விரல் வெந்துடுமே!"

யாரப்பா அது பின்வரிசையில்? 'மூளையே இல்லாதவனுக்கு?' என்கிறாயா? உன்னை நினைத்துத்தான் தம்பி இந்த ஏற்பாடே!

இன்னும் கேளுங்கள். ஒரு நரம்பணுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே கண்ணுக்கே தெரியாத இடைவெளி இருக்கிறதாம். துடிப்பு அங்கே வந்து நிற்குமாம். ரசாயனம் சுரந்து அக்கரைக்குச் சேதி சொல்லுமாம். இத்தனையும் இமைக்கும் நேரத்தில்! என் உடம்பில் என்னைக் கேட்காமல் இவ்வளவு நடக்கிறதென்றால், நான் யார்? முதலாளியா, வாடகைக்கு இருப்பவனா? சத்தியமாக எனக்கு விளங்கவில்லை.

விளங்காத குழப்பத்திலும் பெருமை விடவில்லை. "எங்க அண்ணன் கை சுடவே சுடாது" என்றேன். நர்ஸம்மா பஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

"அவருக்குச் சர்க்கரை இருக்கா? கால்ல செருப்பு கழண்டா தெரியுதா?"

அவையோரே! அண்ணன் ஒற்றைச் செருப்போடு வேலைக்கு வந்த அன்று நாம் சிரித்தோமா இல்லையா? போன வாரம் தீய்ந்த வாடை அடித்தபோது எந்தத் துணி, எந்தத் துணி என்று தேடினோமா இல்லையா? துணியா தீய்ந்தது? அண்ணனின் விரல்! பெட்டியிலிருந்து அவர் விரலை எடுக்காததற்கு அன்றும் கைதட்டினோமே, பாவிகள்!

"சர்க்கரை கூடிக் கிடந்தா நரம்பு கெட்டுப்போகும்ங்க. பெரும்பாலும் கால்ல ஆரம்பிச்சுக் கைக்கு வரும். இப்படியே விட்டா விரலையே வெட்டி எடுக்க வேண்டி வரலாம். உடனே கூட்டிட்டு வாங்க."

நான்கு நாளாய்க் கெஞ்சுகிறேன். "வலிக்கவே இல்லடா, எதுக்கு ஆஸ்பத்திரி?" என்கிறார். வலிக்காததுதான் நோய் என்று வலிக்காதவருக்கு எப்படிப் புரிய வைப்பது? தைரியம் என்று நாம் கொண்டாடியது, சேதி கொண்டுபோக நரம்பு இல்லாத கை! "நாலு பேர் முன்னால அவரை அசிங்கப்படுத்திடாதே" என்று சொல்லித்தான் அண்ணி அனுப்பினார். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணி, எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அண்ணே, கூட்டத்தைப் பார்த்துச் சிரிச்சது போதும். கொஞ்சம் உன் கையைப் பாருண்ணே. பேச ஆரம்பிச்சதுலேர்ந்து உன் சுண்டுவிரலை நகத்தால அழுத்திக்கிட்டே நிக்கிறேன். தடம் எவ்வளவு ஆழமாப் பதிஞ்சிருக்கு, பாரு!

அழாதீர்கள் அண்ணி, எழுந்து வாருங்கள். வாசலில் வண்டி நிற்கிறது. தலைவர் அவர்களே, கேடயம் நாளைக்கும் இருக்கும். என் அண்ணனை இப்போதே அழைத்துப் போகிறேன்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. இன்னும் சுடுகிற கைகள் அனைத்துக்கும் என் வணக்கம்!