மூன்றாம் சுற்றில் நான் எழுந்து நின்றேன்

கராச்சர்மாவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். இன்று வந்த நாள், அதனால் தேநீர் நன்றாக இருக்கும். குடியுங்கள். இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். விசாரிக்க வந்தவர் என்றாலும் வீட்டுக்கு வந்தவர் விருந்தாளிதான்.

நீங்கள் அஸ்லமைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். இரண்டு கையையும் இறக்கி நின்றவனை அவன் அடித்தான், அது குத்துச்சண்டையே அல்ல, அவனை இனி ரிங்கில் ஏறவிடக் கூடாது என்று உங்கள் சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். அஸ்லம் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டான். ஆகவே நான் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பொன்னுத்துரை. அடிபட்டவன் என் ஒரே மகன். அவன் பெயர் உங்கள் தாளில் இருக்கும். நான் இப்போது அதை வாயால் சொல்வதில்லை.

இந்தத் தீவின் ஹேடோ துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டியாக இருந்து ஓய்வு பெற்றேன். கடலுக்கு அப்பால் மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பல்களின் வயிற்றுக்குள்ளிருந்து சரக்கைத் தூக்கிக் கரையில் வைப்பது வேலை. அதற்கு முன் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டம். அதற்கும் முன் இலங்கையில் தேயிலைத் தோட்டம். இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டு எங்களைக் கப்பலேற்றின. நாங்கள் ஓடி வரவில்லை, அனுப்பப்பட்டோம். ஆனால் நான் ஹேடோவில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்லேர்ந்து ஓடி வந்தவன்.’ துறைமுக விளையாட்டு விழாவில் குத்துச்சண்டைக்குப் பெயர் கொடுத்தது அந்தச் சொல்லை அழிப்பதற்காக. எனக்குத் திறமை கிடையாது. ஆனால் ஒரு அடிகூடப் பின்னால் வைக்க மாட்டேன். மூக்கு இரண்டுமுறை உடைந்தது. அதன்பிறகு யாரும் என்னை ஓடி வந்தவன் என்று சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு நான் சேர்த்த சொத்து அதுதான்.

என் மகன் வேறு மாதிரி. அவன் மேல் அடி விழாது. எதிராளியின் கை வரும்போது அவன் தலை அங்கே இருக்காது. தோள் கொஞ்சம் திரும்பும், இடுப்பு கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். அடித்தவன் காற்றை அடித்துவிட்டுத் தடுமாறும்போது ஒரு சிறு குத்து, மறுபடி விலகல். மெயின்லேண்டிலிருந்து வந்த பயிற்சியாளர்கள் பிறவித் திறமை என்றார்கள். எல்லாப் பந்தயமும் புள்ளியில் ஜெயித்தான். கூட்டம் மட்டும் ஊளையிடும். நான் முன்வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அந்த ஊளையைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஜங்லிகாட்டில் ஒரு டீக்கடை. அங்கே திருநாவுக்கரசு வருவான். கப்பல் தளத்தில் நின்று எனக்குக் கைச்சைகை காட்டியவன், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன், கெட்டவன் இல்லை.

“அண்ணே, உங்க பையன் நேத்தும் ஜெயிச்சிட்டானாமே. எதிராளி தொரத்தித் தொரத்திக் களைச்சுப்போய்த் தானா உக்காந்துட்டானாம்.”

“பாயிண்ட்ல ஜெயிச்சான்.”

“பாயிண்ட்டா? நாங்க கிலோமீட்டர்னுல்ல நெனச்சோம். அரே பையா, இவருக்கு ஒரு பிளேட் பகோடா போடு. வீட்டு அயிட்டம்.”

இந்தியில் ஓடிப்போகிறவனையும் ஏறக்குறைய அப்படியேதான், ‘பகோடா’ என்பார்கள். கடை முழுவதும் சிரித்தது. தட்டு உண்மையிலேயே என் முன் வந்தது. நான் தொடவில்லை.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. ஓடி வந்த எடத்துல ஓடித்தானே பொழைக்கணும்,” என்றான் திருநாவுக்கரசு. எதையும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அழித்துவிட்டேன் என்று நான் நினைத்திருந்த சொல் திரும்பி வந்து என் மேசையில் உட்கார்ந்துகொண்டது.

அன்று சாப்பாட்டின்போது மகனிடம் சொன்னேன். “அடுத்தது ஃபைனல். ஒரே ஒரு தடவ நின்னு அடிடா. எல்லாரும் பாக்கட்டும்.”

“அடி வாங்காம ஜெயிக்கிறதுதானப்பா இந்த வெளையாட்டே.”

“நின்னா செத்தாடா போயிருவ?”

“நின்னா என்னாகும்னு உங்க மூக்கப் பாத்தாலே தெரியுதே,” என்றான். என் மனைவி சொர்ணம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். அன்பாகத்தான் சிரித்தார்கள், இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் ஜங்லிகாட்டில் அஸ்லமின் ஸ்கூட்டர் பட்டறைக்குப் போனேன். இறுதிப் போட்டியில் என் மகனோடு மோத வேண்டியவன் அவன். ஏற்கெனவே பலமுறை தோற்றவன். கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு எனக்கு ஸ்டூல் போட்டான். சித்தப்பா முறையில் என்னைச் சாச்சா என்றுதான் கூப்பிடுவான்.

“சாச்சா, உங்க பையன எப்படி அடிக்கிறதுன்னு எனக்கே சொல்லித்தர வந்திருக்கீங்களா? மஜாக் பண்ணாதீங்க.”

“நான் என்னிக்குக் கிண்டல் பண்ணிருக்கேன்?”

“அதுவும் சரிதான்,” என்றான். பிறகு முகம் மாறியது. “சொந்தப் பையன, சாச்சா.”

“அவன் விழணும்னு இல்ல. நிக்கணும். ஒரு தடவையாவது நிக்கணும்.”

அதை அவன் நம்பினான். நானும் நம்பினேன்.

தப்பிக்கத் தெரிந்தவனை அடிக்க முரட்டுத்தனம் உதவாது. நான் அஸ்லமுக்குச் சொன்னது என் விஞ்ச் வேலையில் கற்றது. கொக்கியில் தொங்கும் சரக்கு காற்றில் ஆடும்போது புதிதாக வந்தவன் அதன் பின்னால் ஓடுவான். தெரிந்தவன் ஓட மாட்டான். ஆட்டம் ஒவ்வொரு பக்கமும் முடியும் இடத்தில் சரக்கு ஒரு கணம் நிற்கும். அங்கே போய்க் காத்திருப்பான். என் மகன் வலப்பக்கம் சாய்ந்து முடிக்கும் இடத்திலும் அந்தக் கணம் உண்டு. தலை இருக்கும் இடத்தை அடிக்காதே, வரப்போகும் இடத்தை அடி என்றேன். துரத்தாதே, குறுக்கே கால் வைத்து மூலைக்கு வழியை அடை என்றேன். தலை நகரும், நெஞ்சுக்குழி அவ்வளவு நகராது. அதனால் முதலில் உடம்பு, தோள், கைச்சதை, கிடைத்த எதையும் அடி. பலவற்றுக்குப் புள்ளி கிடைக்காது, ஆனால் அவன் கை கனத்துப்போகும். பொய்யாக ஒரு குத்தைக் காட்டு, அவன் அதற்குப் பதில் சொல்லி முடித்ததும் உண்மையானதைப் போடு. நீ தப்புச் செய்யத்தான் அவன் காத்திருக்கிறான், ஆகவே சில நேரம் ஒன்றுமே செய்யாமல் நில். அவன் முன்னால் வரட்டும்.

அஸ்லம் எல்லாவற்றையும் பழகினான். அவன் வலது கை கனமானது. இடுப்பை முழுதாகத் திருப்பி அடிக்கச் சொல்லி அதை நானே பார்த்துச் சரிசெய்தேன். போட்டிக்கு முந்தின நாள் கடைசியாக ஒன்று சொன்னேன்.

“எதுவும் எடுபடலேன்னா மூணாவது ரவுண்டுல என்னப் பாரு. நான் எந்திரிச்சு நின்னேன்னா அந்த நிமிசமே வலது கையப் போடு. யோசிக்காத.”

“ஏன் சாச்சா?”

“கேக்காத.”

அவன் கேட்கவில்லை. பெரியவர்கள் சொன்னால் கேட்கும் பையன். அவன் மீது இருக்கும் குற்றம் இவ்வளவுதான். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் நான் சொன்னவை பலித்தன. என் மகனின் விலாவில் அடி விழும் சத்தம் என் இருக்கை வரை கேட்டது. ஒருமுறை அவன் ஆச்சரியமாக அஸ்லமைப் பார்த்தான். இரண்டாம் சுற்றில் அவன் கண்டுபிடித்துவிட்டான். அஸ்லம் வழியடைத்த பக்கமே போய், கடைசி கணத்தில் சுழன்று வெளியே வந்தான். பொய்க்குத்துக்குப் பதில் சொல்வதை நிறுத்தினான். என்னிடமிருந்து போன ஒவ்வொன்றையும் ஒரு சுற்றுக்குள் அவிழ்த்துவிட்டான். யார் கட்டிய முடிச்சு என்று அவனுக்குத் தெரியாது.

மூன்றாம் சுற்றில் அவன் அதுவரை நான் பார்க்காத ஒன்றைச் செய்தான். கயிற்றில் முதுகைச் சாய்த்து, நகராமல், அஸ்லமின் சரமாரியான குத்துகளை இடுப்புக்கு மேலான அசைவால் மட்டும் ஒவ்வொன்றாகத் தவிர்த்தான். ஊளை நின்றது. பிறகு யாரோ கைதட்டினார்கள். பிறகு அரங்கம் முழுவதும் தட்டியது. என் பக்கத்தில் திருநாவுக்கரசு இருந்தான். “அண்ணே, மன்னிச்சுக்கங்க. இவன் வேற ஜாதிப் பிறவி,” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று புரிகிறது. நான் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். என் குடும்பத்தின் பெயர் அந்தக் கைதட்டலில் காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனால் அந்தச் சத்தம் என் காதில் வேறு விதமாக விழுந்தது. அந்தக் காலத்தில் நான் நின்று அடி வாங்கியிருக்க வேண்டியதில்லை என்று ஊரே கூடி எனக்குச் சொல்வதுபோல இருந்தது.

நான் எழுந்து நின்றேன். அவன் பெயரைக் கூப்பிட்டேன்.

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் விடியும்போது பெரட்டு எடுப்பார்கள். எல்லோரும் வரிசையில் நிற்க, கங்காணி பெயரைக் கூப்பிடுவார். பெயர் விழுந்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தொடையோடு சேர்த்து, அவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். என் தகப்பனார் அதை வீட்டுக்குக் கொண்டு வந்தார். நான் இந்த வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மரியாதை என்றால் அதுதான் என்று பழக்கினேன். என் மகன் பேசத் தொடங்கியதிலிருந்து, நான் கூப்பிட்டால் அவன் கை இறங்கிவிடும். நான் கை ஓங்கும்போதும் அவன் தன் கையைத் தூக்கித் தடுக்கக் கூடாது. அதனால் தலையை மட்டும் நூலளவு நகர்த்தக் கற்றுக்கொண்டான். பயிற்சியாளர்கள் பிறவித் திறமை என்று சொன்னது அதைத்தான். நான் திருத்தவில்லை.

அத்தனை கைதட்டலிலும் என் குரல் அவனுக்குக் கேட்டது. இரண்டு கையும் இறங்கின. முகம் வலப்பக்கம், என் பக்கம் திரும்பியது. உதடு அசைந்தது. அப்பா என்றுதான் சொல்லியிருப்பான். அஸ்லமின் வலது கை இடது பொட்டில் விழுந்தது. இடுப்பு முழுதாகத் திரும்பியிருந்தது.

மண்டைக்குள் இரத்தம் கட்டியது. விமானத்தில் சென்னைக்குக் கொண்டுபோய்த் திறந்து எடுத்தார்கள். உயிர் இருக்கிறது. வலது கை தூக்க வராது. பேச்சு இல்லை. அந்த உள் அறையில்தான் இருக்கிறான். கதவைச் சொர்ணம்மா சாத்தி வைத்திருக்கிறாள். வெளிச்சம் அவனுக்கு ஆகாது என்று கேட்பவர்களிடம் சொல்கிறாள். எனக்காகத்தான் சாத்தியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“சந்தோசத்துல,” என்றேன்.

“நீங்க கூப்பிட்டா அவன் கைய எறக்கிருவான்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அதன்பிறகு அவள் சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. ஊர் முழுவதும் எனக்காக இரக்கப்படுகிறது. மகன் ஜெயிக்கப் போகிற மகிழ்ச்சியில் தகப்பன் எழுந்து கூவினான், பாவம், என்கிறார்கள். திருநாவுக்கரசு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கையை உருவிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அஸ்லம் சாயங்காலங்களில் வருவான். உள்ளே போய் என் மகனின் காலைப் பிடித்துவிடுவான். திரும்பும்போது என் முகத்தைப் பார்க்காமல் “வர்றேன் சாச்சா” என்பான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இருந்தும் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் போனது இரத்தத்தைப் பார்த்ததால் அல்ல. இந்தப் பையனின் மரியாதையால்.

ஆகவே அஸ்லமை விட்டுவிடுங்கள். அடி அவனுடையது, செய்தவன் நான். இது கோபத்தில் நடந்ததும் அல்ல. அவன் கை இறங்கும் என்று எனக்குத் தெரியும். அஸ்லமின் கை எவ்வளவு கனம் என்றும் தெரியும், அதைக் கனமாக்கியவன் நான். போலீஸுக்குச் சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள். சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன். யாரும் என்னைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்காது.

உங்கள் அறிக்கையில் என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் சேர்த்துவிடுங்கள். அரங்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். என் மகன் நின்ற இடத்திலேயே விழுந்தான். ஒரு அடிகூடப் பின்னால் வைக்கவில்லை.