சென்னப்பனின் பதில்கள்

கெலமங்கலத்து ஆடுகள் பொறுமையானவை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றிலிருந்து ஆறு வருடம் அவற்றோடு பழகியவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர்.

நான் மாட்டு டாக்டர். ஆனால் என் ஆராய்ச்சி கண்ணைத் திருப்பும் தசைகளைப் பற்றியது. ஆட்டின் அந்தத் தசையை நூலால் லேசாக இழுத்தால், அதன் நரம்பு உடனே மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. கருவியோடு இணைத்த ஒலிபெருக்கியில் அது படபடவென்று கேட்கும். கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தசைக்குத் தெரிகிறது. ஆட்டுக்குத் தெரிகிறதா? அதை ஆடு சொல்லாது. ஆறு வருட உழைப்பு அந்த ஒரு கேள்வியில் முட்டிக்கொண்டு நின்றது. எரிச்சலில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடு கொண்டுவந்து விடும் சென்னப்பனுக்கு இடது கண் முள் குத்திப் போயிருந்தது. பார்வைதான் இல்லை, தசைகள் நன்றாக இருந்தன. கேட்டதும் சம்மதித்தார். என் பேச்சை அவர் தட்டியதே இல்லை. அவர் மனைவி வெங்கடம்மாள்தான் வாசலில் நின்று, "ஆட்டைக் கிழிச்சது போதாதா? மனுசன் கண்ணுல உனக்கு என்னய்யா வேலை?" என்று கேட்டார்.

மரத்துப்போகும் மருந்து விட்டு, வலது கண்ணைக் கட்டி, இடது கண்ணை இடுக்கியால் பிடித்துத் திருப்பினேன். எந்தப் பக்கம் என்று கேட்டேன். இருபது முறையும் சரியாகச் சொன்னார். அன்று சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். சென்னைக்குக் கட்டுரையும் அனுப்பினேன்.

பிறகு இன்னொரு முறை சோதித்தபோதுதான் கவனித்தேன். கட்டுக்குக் கீழே இருந்த சந்து வழியாக என் முழங்கை எந்தப் பக்கம் அசைகிறது என்று அவர் வலது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டேன்.

"தப்பாச் சொன்னா உங்க மனசு சங்கடப்படுமேங்க" என்றார்.

கட்டை இறுக்கினேன். புருவத்தை நெளித்து மறுபடி சந்து உண்டாக்கிக்கொண்டார். விளக்கை அணைத்தால் எனக்குக் கை வேலை ஓடாது. கட்டுரையைத் திரும்பப் பெறவும் மனம் வரவில்லை.

கன்றுகளின் கொம்பு முளையைக் கருக்க வைத்திருந்த, தோலை அரிக்கும் காரத்தைக் கரைத்து, கண் கழுவும் மருந்து என்று சொல்லி, அவருடைய வலது கண்ணில் விட்டேன். கத்தினார். புண் ஆறும்வரை பதினெட்டு நாள் ஆய்வுக்கூடத்திலேயே வைத்து நானே கஞ்சி ஊட்டினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் நாள் இடது கண்ணைத் திருப்பி, எந்தப் பக்கம் என்று கேட்டேன். என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எந்தப் பக்கம்னு சொல்லட்டுங்க, சாமி?"

இவ்வளவு பாடுபட்டும் அவருடைய மரியாதையை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. தப்பு என்னுடையதுதான், ஆளைத் தேர்ந்தெடுத்ததில். அதனால்தான் கணவரைப் பார்க்கலாம் என்று வெங்கடம்மாளைத் திங்கட்கிழமை வரச் சொல்லியனுப்பினேன். வெங்கடம்மாளுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். நீங்கள் முந்திக்கொண்டு வந்தபோது இரண்டுக்கும் போதுமான காரம் கரைத்து வைத்திருந்தேன். அந்த அம்மாள் எனக்காக ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டார்.