கல்லொட்டி மடு

— சாக்கை எறக்கி வெச்சி எம்புட்டு நேரமாச்சு. இன்னும் என்னாத்துக்கு மடுவையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?

— பொறு பொன்னாயி. வெயிலு தண்ணியில படட்டும்.

— பட்டா என்ன, படாட்டி என்ன?

— வெயிலு பட்டாத்தான் மீனு பாசி திங்க மேல ஏறி வரும். இப்ப எல்லாம் அடியில கல்லோட கல்லா ஒட்டிக்கிட்டுக் கெடக்கும்.

— பிளீச்சிங் பவுடருக்கு மேலேது, கீழேது. லயத்து வீடுகளோட தண்ணித் தொட்டிக்கு வருசக்கணக்கா பவுடரு போட்ட ஆளு நீங்க. ஒங்களுக்கு நான் சொல்லணுமா வீரையா தொட்டிக்காரரே?

— கிண்டல் பண்ணாத புள்ள. அது வேற, இது வேற. சனிக்கெழமையானா தொட்டியில இருக்கற கல்லொட்டி மீனையெல்லாம் மொதல்ல வாளியில புடிச்சி வெச்சிருவேன். அப்புறந்தான் பவுடரு. தேச்சிக் கழுவி, புதுத் தண்ணி விட்டு, மறுபடி உள்ள விடுவேன். அதுக இருந்தாத்தான் செவுத்துல பாசி அண்டாது.

— தெரியும், தெரியும். வாளியோட பேசிக்கிட்டே கழுவுவீங்க. லயமே சிரிக்கும்.

— சிரிக்கட்டும். ஒண்ணைக் கூட சாகக் குடுத்ததில்ல நான்.

— இப்ப தொட்டியும் இல்ல, வேலையும் இல்ல. தேயிலை வெல விழுந்ததுல இருந்து பேக்டரி மூடிக் கெடக்கு. காலையில பெரட்டுல பேரு கூப்பிட்டு வேலைக்கு அனுப்ப ஒரு ஆளில்ல. பாதி லயம் திருப்பூருக்கு ஓடிருச்சி. இன்னும் என்ன யோசனை? மேனேஜர் தொரை சொன்னதை மறுபடி ஒரு வாட்டி சொல்லுங்க.

— எத்தனை வாட்டி சொல்றது? எஸ்டேட்டை ரிசார்ட்டுக்காரங்க வாங்கப் போறாங்க. இந்த மீனுதான் குறுக்க நிக்குதாம். இங்க மட்டுமே இருக்கற புது வகைன்னு ஆயிட்டா பாரஸ்ட்டு வந்து ஓடையை வளைச்சிக்கிருமாம். மீனு இல்லேன்னா எடம் கைமாறும். எனக்கு வாச்சர் வேலை. லயத்துல மிச்சம் இருக்கற குடும்பம் எல்லாம் அப்படியே இருந்துக்கலாம்.

— எழுதிக் குடுத்தாரா?

— தொரைகிட்ட எழுதி வாங்கறதா? நல்லா இருக்கு ஒன் பேச்சு. சிலோன்ல எங்கப்பன் வாங்குனானா, இங்க வந்துதான் நாம வாங்குனோமா? தொரை வாயால சொன்னாப் போதும்னுதானே இதுநாள் வரைக்கும் ஓடுச்சி.

— இல்ல, போன மாசம் வரைக்கும் காலி பண்ணு, காலி பண்ணுன்னு கரண்டைப் புடுங்குன மனுசன். நாம அசையலேன்னதும் இப்ப இப்படி எறங்கி வந்துட்டாரேன்னு கேட்டேன்.

— பாவம், அவருக்கும் மேல ஆளு இருக்குல்ல. எடம் வித்தாத்தானே அவருக்கும் பொழைப்பு. எனக்கு என்னமோ மீனு ஆராய்ச்சிக்கு வந்த அந்தப் புள்ள கீர்த்தனாவை நெனைச்சாத்தான் மனசு கெடந்து அடிச்சிக்குது. மீனைக் கையில வெச்சிக்கிட்டு எம்புட்டு சந்தோசமா சொல்லிச்சி தெரியுமா? இந்தச் சாதிக்கு கர்ரான்னு பேராம். அதுக்குள்ளயே ஏகப்பட்ட வகையாம். கீழ மாயாத்துல இருக்கறது ஒண்ணு. அருவிக்கு மேல, இந்த மடுவுல இருக்கறதுக்கு மூக்குல கரடுகரடா முண்டு இருக்கு, இது வேற ஒண்ணா இருந்தாலும் இருக்கும்ணான்னுச்சு.

— நல்லா இருக்கு. மீனோட மூக்கைப் பாத்து, நீ இந்த ஊருன்னு சொல்ல கோயமுத்தூருல இருந்து ஆளு வருது. கப்பல்ல வந்து எறங்கி, மண்டபம் கேம்ப்புல கெடந்து, இந்த மலைக்கு வந்து கொழுந்து பறிச்சே வெரலு கறுத்துப் போச்சி எனக்கு. நீ எந்த ஊருன்னு கேட்டவனைத்தான் பாத்தேன். நீ இந்த ஊருன்னு ஒருத்தன் சொன்னானா?

— அதுக்கு மீனு என்ன பண்ணும்?

— ஒண்ணும் பண்ணாது. நான் மட்டும் என்ன பண்ணுனேன்? சட்டி பானையை இன்னொரு வாட்டி மூட்டை கட்ட எனக்குத் தெம்பு இல்லீங்க. சரிதா பன்னெண்டாவது முடிக்கணும். திருப்பூருக்கு ஆளெடுக்க லாரி வந்தா நானும் ஏறிக்கிறேம்மாங்குது அது. ராவும் பகலும் பனியனுக்குப் பிசிறு வெட்டவா அதைப் பெத்தேன்?

— ரெண்டு மூணை மட்டும் வாளியில எடுத்து வெச்சிக்கவா?

— ஒண்ணு மிஞ்சினாலும் அந்தப் புள்ள கண்டுபுடிச்சிரும். நாளைக்கி வருதுன்னுதானே இன்னைக்கே முடிக்கச் சொன்னாரு.

— கை வரல பொன்னாயி.

— தள்ளுங்க அங்கிட்டு. நான் கொட்டுறேன்.

— மூஞ்சியைத் திருப்பிக்க, கண்ணுல அடிக்கும். தண்ணி விழுற எடத்துல கொட்டு. இன்னும் தள்ளி. ஆங், அங்கதான்.

— போதுமா?

— சாக்கை ஒதறாத. போதும். போதும்னு சொல்றேன்ல.

— பாலாட்டம் போகுது.

— அதோ, ஒண்ணு கல்லை விட்டு வருது. எம்புட்டு வெள்ளம் வந்தாலும் விடாதுடி அது.

— பாக்காதீங்க.

— வாயைத் தெறந்து தெறந்து மூடுது.

— பாக்காதீங்கன்னு சொல்றேன். சரிதாவை நெனைச்சிக்கங்க. வாங்க, போயிருவோம்.

— இரு. தேயிலைக்குள்ள ஆளு வர்ற சத்தம்.

— யாரு? சாக்கை மடிச்சி முதுகுக்குப் பின்னால வைங்க.

— அந்தப் புள்ள. கீர்த்தனா.

— ஏனுங்கண்ணா, சௌக்கியமுங்களா? அக்கா, துணி தொவைக்க வந்தீங்களா? என்னுங்க, தண்ணி இப்படி வெள்ளையா போகுது?

— துணிதாம்மா. சோப்பு நொரை. நீ நாளைக்கி இல்ல வர்றதாச் சொன்னாங்க?

— நான் வர்றதாவே இல்லீங்கக்கா. என்ற வேலை முடிஞ்சு போச்சுங்க. இது புது வகை இல்லீங்க.

— என்ன தாயி சொல்ற?

— ஆமாங்கண்ணா. நானும் ஆசைப்பட்டு ஏமாந்துட்டேன். ஆண் மீனுக்குப் பருவத்துல மூக்குல முண்டு வருமுங்க. மத்தபடி கீழ மாயாத்துல இருக்கற அதே கல்லொட்டிதானுங்க. ஒங்க மேனேஜருக்குப் போன வாரமே போன் பண்ணிச் சொல்லிட்டேனே. அவரு சொல்லலீங்களா?

— போன வாரமா?

— ஆமாங்க. ஓடைக்கும் எஸ்டேட்டுக்கும் எந்தத் தொந்தரவும் வராதுன்னு சொன்னேன். சந்தோசமா சிரிச்சாருங்க.

— பொன்னாயி, தொரை எனக்குச் சாக்கைக் குடுத்தது நேத்து.

— வாயை மூடுங்க.

— என்ன சாக்குங்கண்ணா?

— ஒண்ணுமில்லம்மா. அவரு ஏதோ ஒளறுறாரு. வேலை முடிஞ்சிருச்சின்னா இம்புட்டுத் தூரம் நீ என்னாத்துக்கு வந்த?

— ஒங்க மேனேஜர்தானுங்கக்கா காலையில கூப்பிட்டாரு. லயத்து ஆளுங்க இன்னைக்கு மடுவுல மருந்து கலக்கப் போறாங்க, கையோட பாரஸ்ட்டு ரேஞ்சரைக் கூட்டிக்கிட்டு வாங்கன்னாரு. நீங்க இருக்கறப்ப அப்படியெல்லாம் நடக்காதுன்னுதான் நெனைச்சேனுங்க. ஜீப்பை மேல நிறுத்திட்டு அவங்க பின்னாலதான் வர்றாங்க.