கெழக்கு மதிலுக்கு சவுக்கு வேணாம்

அதுக்கில்ல சாயபு, ரோஜாவ வாசல்லியே வச்சிடலாம், யாரு வேணாம்னா. பெங்களூர்லேர்ந்து ரயிலேறி வந்த செடி, மருவாதியாத்தான் வைக்கணும். ஆனா காத்து ஒங்க தோல் பதனிடுற ஷாப்பு பக்கத்துலேர்ந்து திரும்பிச்சின்னா ரோஜாவும் ஊறப்போட்ட ஆட்டுத்தோலாட்டம்தான் மணக்கும். அப்ப இந்த தானியேலத் திட்டக் கூடாது.

கெணத்தாண்ட வாழை. பின்கட்டுல மாதுளை, வீட்ல கேட்டாங்கன்னு சொன்னீங்க. மேக்கால மருதாணி வேலி. புதுவீட்டுத் தோட்டம், எல்லாத்துக்கும் தலையாட்டிட்டேன். இந்தக் கெழக்கு மதிலாண்ட வந்தாதான் நமக்குள்ள பேஜாரு.

சவுக்குதான் வேணுமா? ரெண்டு வரிசை, நெருக்கமா, அந்தாண்ட ஒங்க சம்பந்தி வீடே தெரியாம. வேலூரு ஜெயிலு மதிலு கூட அவ்ளோ ஒசரம் இல்ல. பார்த்திருக்கேன். உள்ள போயி இல்ல சாயபு, ரோட்ல நின்னு.

சவுக்கு காத்துக்கு ஊஊன்னு கத்தும். ஒங்க கொறட்டையே ரோட்டுக்குக் கேக்குது, ரெண்டும் சேந்தா தெருவே காலி. மூங்கிலா? பாம்பு வந்து குடியிருக்கும். தென்னையா? காயி தலையில வுழும். சிரிக்காதீங்க, காய்க்குச் சேதமாயிடுமேன்னு சொல்ல வந்தேன்.

கனகாம்பரம் வைக்கலாம். காசித்தும்பை. முட்டி ஒசரத்துக்கு மேல எதுவும் வேணாம்.

கோவம் வருது பாருங்க. நான் ஒங்க சம்பந்தி ஆளு இல்ல. ஹயாத் பாஷா சாயபு கையால ஒரு டீ கூட குடிச்சதில்ல. ஷாப்ப பாகம் பிரிச்சதுல ஒங்க ரெண்டு பேருக்கும் ஆயிரம் இருக்கும், எனக்கு இன்னாத்துக்கு அது. அவரு மூஞ்சியப் பாக்க வேணாம், அவ்ளோதான? அவரு எழுந்திருக்கவே ஒம்போது மணி ஆவுது. நீங்க விடியக்காலம் தொழுதுட்டு நாற்காலிய இழுத்துப் போட்டு இங்க குந்துறீங்க. டீய வச்சிக்கினு ஷாப்பு பொகைக் கூண்டையே பாக்கறீங்க.

என் சம்சாரம் சவுரியம்மா இருக்கா இல்ல, அவதான் அந்த வீட்ல கொழந்தைக்குத் தண்ணி ஊத்துறா. ஆமா, ஒங்க பொண்ணு அக்தர் பானு பெத்த கொழந்தைதான். ஒங்க பேரன்தான். நீங்க இன்னும் போயி பாக்காத பேரன்.

நாப்பதாம் நாள் குளிச்சி எழுந்ததுலேர்ந்து தினமும் நடக்குதாம். நீங்க நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டா போதும், ஒங்க பொண்ணு மாடி ஜன்னல் தட்டிக்குப் பின்னால அவனைத் தூக்கிக்கினு வந்து நின்னுடுது. டீ குடிச்சி முடிக்கிற வரைக்கும் தூக்கிக் காட்டுது. எனக்கு அந்தப் பக்கம் ஏறிட்டுப் பாக்கிறது மொற இல்ல. மஞ்சத் துணி ஒண்ணு அசையும், அவ்ளோதான் தெரியும்.

நீங்கதான் அந்தப் பக்கம் திரும்புறதேயில்ல.

சரி, சவுக்குக்குக் குழி வெட்டச் சொன்னா வெட்டுறேன். இந்த நாற்காலிய மட்டும் கெழக்க பாத்து திருப்பிப் போட்டுட்டுப் போறேன் சாயபு. மண்ணு கொட்ட எடம் வேணும்.